ஈரம் தாங்காத சிவப்பு

எங்கள் ஸ்டுடியோவுக்குப் பெயிண்ட் வாங்குவது என் பொறுப்பு. படம் வரைவது என் வீட்டுக்காரர். இந்தப் பங்கீடு ஊரில் பலருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அவர் தேரடிப் பக்கம் கடைப் போர்டு எழுதிக் கை பழகியவர். ஆனால் முகம் என்று வந்துவிட்டால் அவர் கையில் வரும் உயிர் என் கையில் வராது, அதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. வண்ணம் என்று வந்தால் மட்டும் அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவரைப் பொறுத்தவரை சிவப்பு என்றால் சிவப்பு, மஞ்சள் என்றால் மஞ்சள், அத்தோடு முடிந்தது.

எழுபதுகளின் பாதியில் கடை தொடங்கியபோது ஆயில் பெயிண்ட்தான் எங்களுக்குத் தெரியும். வந்த வேலையில் முக்கால்வாசி இறந்தவர்களின் படம். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கே படத்திறப்பும் வைத்துவிடுவார்கள். அழுது முடித்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி முடித்து, ஒரு போட்டோவைத் தேடி எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவதற்குள் அதில் பாதி நாள் போயிருக்கும். ஆயிலோ ஆற அமரக் காயும். பிசுபிசுப்போடுதான் படத்தைக் கொடுத்தனுப்புவோம். ஒரு வீட்டில் மூடியிருந்த வேட்டியை எடுத்தபோது மீசையில் பாதி வேட்டியோடு வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் எங்களைத் திட்டியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அக்ரிலிக்கை நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி மலையை வரைந்துகொண்டிருந்தாள். தண்ணீரில் கரைத்துப் பூசினாள், பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது, காய்ந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் காட்டினாள், அசையவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் அதே சரக்கு மெட்ராஸ் கடைகளில் கிடைக்க ஆரம்பித்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். நான் ட்யூபைத் திறக்காமல் வாங்க மாட்டேன். மூடியைக் கழற்றியதும் முதலில் எண்ணெய்த் தண்ணீர் போல ஏதாவது கசிந்தால் அந்த ட்யூப் பழசு, திருப்பிக் கொடுத்துவிடுவேன். கையோடு ஒரு அட்டை கொண்டுபோவேன். அதில் கறுப்பு மையால் கோடு இழுத்திருக்கும். அதன்மேல் பெயிண்டைத் தடவினால் நல்ல சரக்கு ஒரே பூச்சில் கோட்டை மறைக்கும். சுண்ணாம்புத் தூள் கலந்த சரக்கு எத்தனை தடவினாலும் மறைக்காது, காய்ந்ததும் வெளிறிப்போய் விரலில் மாவாக ஒட்டும். தண்ணீர் ஊற்றி மெல்லிசாக இழுத்தாலும் நிறம் நிறமாகவே இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மொட்டை மாடியில் அட்டையைப் பாதி மூடி வெயிலில் போடுவேன். எங்கள் ஊர் சித்திரை வெயிலைத் தாங்கிய வண்ணம் எந்த வீட்டுச் சுவரிலும் தாங்கும்.

இதெல்லாம் எந்த ஓவியரும் செய்வது. எங்களுக்கென்று இன்னொரு சோதனை இருந்தது, அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. படத்தைத் திறந்ததும் குடும்பத்துப் பெரியவர் குழைத்த சந்தனத்தை எடுத்து அதன் நெற்றியில் அப்புவார். பிறகு ஒவ்வொரு திதிக்கும் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துப் புதுச் சந்தனம் வைப்பார்கள். பெரிய படத்துக்குக் கண்ணாடி போட்டால் கிராமத்துப் பஸ்ஸில் ஊர் போய்ச் சேராது, அதனால் சந்தனம் நேராகப் பெயிண்டின்மேல்தான் விழும். ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும் எந்த ட்யூபும் முதலில் அட்டையில் சந்தனம் வாங்கிக்கொள்ளும். ஈரமாக அப்பி, ஊறவிட்டு, வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணியில் நிறம் வந்தால் அந்த ட்யூப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகும். சந்தனம் வாங்காத ட்யூப் படத்தைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். அவர் அதை என் மடி ஆசாரம் என்று கேலி செய்வார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். அக்காவின் புருஷன் செத்துப்போய்விட்டார், படம் வேண்டும் என்றான். கையில் இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ, ஊரில் கடலை உடைக்கும் மல்லாட்டை மில் திறந்த அன்று எடுத்தது. அதில் அந்த மனிதரின் முகம் கட்டைவிரல் நகம் அளவு. கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டதாம். குழந்தை இன்னும் நடக்கப் பழகவில்லை. இந்தப் படத்தைக் காட்டித்தான் அதற்கு அப்பா என்று சொல்லித்தர வேண்டும் என்றான்.

என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நெற்றி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். உண்மைதான். அந்தப் போட்டோவில் இருந்த அத்தனை ஆண்களும் விபூதியோ குங்குமமோ வைத்திருந்தார்கள். இவர் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

"எங்க மச்சான் சாமி கும்புட மாட்டாருங்க. இவ்ளோ கிட்ட இருந்துகினு ஒரு தபா கூட மலை சுத்தினது இல்ல" என்றான் அந்தத் தம்பி. அதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. மச்சான் எப்படிச் செத்தார் என்று நான்தான் கேட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அக்கா மருந்து வாங்க அனுப்பியிருக்கிறாள். சைக்கிளில் வந்தவரை லாரி அடித்துத் தள்ளியிருக்கிறது. நெற்றியில்தான் அடி. இவள் அனுப்பியதால்தான் போனான் என்று மாமியார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாராம். கருமாதி முடிந்ததும் அக்காவைக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அங்கே இந்தத் தம்பியையும் ஒரு கூரையையும் தவிர ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் அந்த முகத்தை எப்படிப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நகம் அளவு நிழலிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். கொஞ்சம் குறும்பான கண்கள், பெரிய நெற்றி. கோட்டு வேலை முடிந்து, உடல் நிறம் பூச வேண்டிய கட்டத்தில் என் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. கலக்கி வைத்த நிறங்களை மூடி வைத்துவிட்டு, எதெது எங்கே என்று சொல்லிவிட்டு, போளூர் போய்விட்டேன்.

கருமாதி அன்று காலைதான் திரும்ப முடிந்தது. கடைக்குள் நுழைந்தபோது படம் இல்லை. விடிகாலையிலேயே அந்தத் தம்பி வந்து மல்லாட்டை மில் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்றார். பிரமாதமாக வந்தது, நீ பார்க்கவில்லையே என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிவப்பு ட்யூப் கிடந்தது. பெட்டியும் எழுத்தும் நாங்கள் வாங்குவதைப் போலவே இருந்தன. ஆனால் நான் வாங்கியது அல்ல.

நான் விட்டுப்போனது நெற்றிக்கும் கன்னத்துக்கும் போதவில்லையாம், சிவப்பு தீர்ந்துவிட்டதாம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கிடைத்ததாம். மிச்சம் எல்லாம் உன் சரக்குதான், இது ஒன்று மட்டும்தானே என்றார். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் வேலை செய்யும். அவர் நிறம் கலக்கிய தகடு காய்ந்துபோய்க் கிடந்தது. சாமி மாடத்திலிருந்து சந்தனம் எடுத்துக் குழைத்து அதில் அப்பினேன். ஊறவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெளுப்பான சந்தனம் ஓரத்திலிருந்து சிவக்க ஆரம்பித்து, முழுக்க ஊறி, தகட்டின் சரிவில் ஒரு சிவப்புக் கோடாக இறங்கியது.

அவர் முகம் செத்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கருமாதிப் பந்தல் கண்முன் வந்தது. லாரி அடித்த அதே நெற்றி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர் சந்தனம் வைக்கிறார், அதிலிருந்து சிவப்பு வழிகிறது. பெயிண்ட் கரைகிறது என்று அந்த இடத்தில் யாருக்குத் தோன்றும்? செத்தவனுக்குக் கோபம் ஆறவில்லை என்பார்கள். யார்மேல் ஆறவில்லை என்பதற்கு அங்கே பதில் தயாராக இருந்தது.

"நீ போ. நான் வந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்" என்றார் அவர். அவர் வாழ்க்கையில் சொன்ன புத்திசாலித்தனமான வார்த்தைகளில் அது ஒன்று. ஆசாரிகள் மரத்துக்குப் பூசும் அரக்குப் பாலிஷ் கடையில் இருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்தது, தடவினால் நொடியில் காயும், அதன்மேல் எந்த ஈரமும் இறங்காது. அந்தப் பாட்டிலையும் ஒரு பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. உரமூட்டை ஏறியது, கோழிக்கூடை ஏறியது, யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தது. நான் கண்டக்டரிடம் சண்டை போட்டேன். ஏம்மா, நீங்கதான் தாலி எடுத்துக்கினு போறீங்களா என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்கியபிறகு ஊருக்குள் போக மல்லாட்டைக் கொல்லைகளின் ஊடே நடக்க வேண்டும். பாதி தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பந்தலில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நடுவில் நாற்காலிமேல் படம். புது வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். மூடியபிறகு குடும்பத்து மூத்த பங்காளி கை வைக்கும்வரை அந்தத் துணியை யாரும் தொடக்கூடாது. இது தெரிந்தும் நான் கிட்டே போய், ஃபிரேமில் ஒரு ஆணி சரிபார்க்க வேண்டும் என்றேன். வரைந்தவர் வீட்டம்மாவாக இருந்தாலும் ஆகாது என்று இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துத் தயாராக இருந்தது. தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஊற்றியிருந்தார்கள்.

யாரிடம் சொல்வது? அந்தத் தம்பி பந்தியைக் கவனிக்கப் பின்கட்டில் எங்கோ இருந்தான். மற்றவர்களில் யாரிடம் சொன்னாலும் மாமியார் காதுக்குப் போகும். ஒருத்திதான் மிச்சம், அவள் உள்ளே இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் போகும் பெண், உள்ளே இருப்பவளைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு அழ வேண்டும். முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் கட்டிக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் நேராக உள்ளே போனேன். விடியலில்தான் அவளுக்குத் தாலி கழற்றியிருந்தார்கள். நெற்றியை அழுத்தித் துடைத்ததில் பொட்டு இருந்த இடம் கன்றிப் போயிருந்தது. சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன், அதில் பொய் கொஞ்சமும் இல்லை. அழுகைக்கு நடுவே அவள் காதில் சொன்னேன்.

"நான் படக் கடைக்காரி. ஒரு சிவப்புச் சாயம் மோசம் போயிடுச்சும்மா. நெத்தியில ஈரம் பட்டா ரத்தம் மாதிரி ஒழுகும். சந்தனம் வைக்க விடாத."

அவள் உடம்பு என் கைக்குள் அப்படியே நின்றது. பிறகு என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் கேட்டது வேறு.

"அவரு மாதிரி இருக்குதா அக்கா?"

"இருக்கு" என்றேன்.

வெளியே மேளம் நின்றது. படத்தைத் திறக்கப் போகிறார்கள் என்று ஒரு குரல் கேட்டது. நான் ஓடி வந்தேன். மாலை ஒரு வாளியில் தண்ணீரில் கிடந்தது, அதையாவது என்னால் செய்ய முடியும் என்று எடுத்து ஈரம் போக உதற ஆரம்பித்தேன். உதறி உதறிப் பூக்கள் கொட்டின. ஒருத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இறந்தவரின் பெரியப்பா எழுந்து வந்தார். உயரமான மனிதர், நெற்றி நிறைய விபூதி. வேட்டியை எடுத்தார். கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது, பேச்சும் இல்லை அழுகையும் இல்லை. அவ்வளவு அச்சாக இருந்தார் அந்த மனிதர். நான் கலக்காத சிவப்பு அவர் கன்னத்திலும் நெற்றியிலும் நன்றாகவே படிந்திருந்தது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். பெரியவர் குனிந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். விரல்களை உள்ளே விட்டார்.

"பெரிய மாமா."

உள்வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைய தினம் அவள் எழுந்து வந்து ஆண்கள் முன்னால் நிற்பதே முறை இல்லை. பேசுவது அதைவிட மேல்.

"சந்தனம் வேணாம் மாமா. அவருக்கு விபூதிதான் புடிக்கும். தண்ணி போடாத விபூதி."

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், அந்த மனிதர் பிறந்ததிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஒரு சிட்டிகை விபூதி வைத்தவர் இல்லை என்று. கோயிலுக்கு வரமாட்டேன் என்றதற்காக இதே பெரியப்பாதான் அவரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தாராம், அது எனக்குப் பிறகு தெரிந்தது. மாமியார் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வாய் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் கண் அவர் முகத்தில் இல்லை, அவர் விரலில் இருந்த சந்தனத்தில் இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் திரும்பி, மாலையை உதறிக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். தோள் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாக, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்தார்.

"ஆமாம்மா. அவன் அதைத்தான் கேப்பான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

தட்டிலிருந்து உலர்ந்த விபூதியை எடுத்துப் படத்தின் நெற்றியில் தொட்டும் தொடாமலும் வைத்தார். மாலையை என்னிடமிருந்து வாங்கி ஃபிரேமின் இரண்டு மூலையில் மட்டும் படும்படி மாட்டினார். கற்பூரம் காட்டினார்கள். பந்தலில் பெரியவரே சொன்ன பிறகு மாமியாரும் எழுந்து வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையில் அந்தப் பாலிஷ் பாட்டில் திறக்காமலே இருப்பது நினைவுக்கு வந்தது.

வீட்டில் அவர் அந்த ட்யூபைப் பிதுக்கிச் சாக்கடையில் விட்டிருந்தார். வெகுநாள் வரை ஒரு பென்சில் வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்டார். நானும் விட்டுவிடவில்லை, சந்தனம் வைத்துப் பார்த்தீர்களா என்று பென்சிலுக்கும் கேட்டேன்.

படத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி அந்தத் தம்பி மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தேன். வெயில் காலம் முற்றிய பிறகுதான் வந்தார்கள். அவளும், அந்தப் பெரியவரும், அவர் தோளில் குழந்தையும். படம் ஒரு சேலையில் சுற்றியிருந்தது. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அனுப்புகிற பேச்சு அடங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. பெரியவர் தோளில் குழந்தை இருந்த விதமே போதுமாக இருந்தது.

"இதை எடுத்துடுங்க அக்கா. அவருக்கு ஆவாது" என்று நெற்றியில் இருந்த விபூதியைக் காட்டினாள்.

உலர்ந்த துணியால் தட்டினேன், போய்விட்டது. முகம் முழுக்க அரக்குப் பாலிஷை ஒரே வீச்சாக இழுத்து, சிவப்பை உள்ளேயே அடைத்தேன். காய்ந்ததும் என் சரக்கை எடுத்துக் கலக்கினேன். என் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டு வந்து, அதே நெற்றியை அதே கன்னத்தை மேலே இன்னொரு முறை பூசினார். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பூச்சையும் பார்த்தாள். பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். வழக்கம்போல அட்டையை எடுத்துச் சந்தனம் குழைக்கப் போனேன்.

"வேணாங்க" என்றாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தாள். அவர்கள் வீட்டில் அவளுக்கு உடுத்தக் கொடுத்திருந்தது வெள்ளைச் சேலை. அதன் முந்தானையை நன்றாக நனைத்து, கொல்லையில் வேலை முடித்து வந்தவனுக்குத் துடைப்பது போல, நெற்றியில் ஆரம்பித்துக் கண், மூக்கு, மீசை, தாடை என்று அந்த முகத்தை அழுத்தித் துடைத்தாள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே பெரியவர், ஈரம் தாங்குதாம்மா என்று கேட்டார்.

அவள் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது வெள்ளையாகவே இருந்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.